ரவிக்கை வெட்டத் தெரிந்தவர் விமானத்துக்கும் மூடி வெட்டலாம்!

தையல் மிஷினில் உட்கார்ந்து பழகிய பெண்களுக்கு ஒரு விஷயம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. துணியில் கத்தரிக்கோலை வைத்துவிட்டால் வைத்ததுதான். ரவிக்கை கொஞ்சம் தொளதொளவென்று இருந்தால் பிடித்துத் தைத்துக்கொள்ளலாம். பிடிப்பாகப் போய்விட்டால் தங்கைக்குக் கொடுக்க வேண்டியதுதான்! அதனால்தான் அளவு எடுத்த கோட்டின் மேலேயே நாம் வெட்டுவதில்லை. தையலுக்கென்று சுற்றிலும் விட்டு, கைக்குழியைக் கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து, போட்டுப் பார்த்து, மறுபடி குடைந்து சரி செய்கிறோம்.

இந்த ஒரு புத்தி இருந்தால் போதும், குட்டி விமானத்துக்குக் கண்ணாடி மூடி பொருத்திவிடலாம் என்று நான் சொன்னால் சிரிப்பீர்களா? என் நாத்தனார் சிரித்தார்.

விமான மாடல் செய்வது இப்போது ஏதோ சீமான் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு மட்டும் இல்லை, சகோதரிகளே. என்.சி.சி. தொடங்கியது 1948-ல். பெண்கள் பிரிவு மறு வருஷமே வந்துவிட்டது. விமானப் பிரிவு 1950-ல். அந்த விமானப் பிரிவில் சேரும் பிள்ளைகளுக்கு ஏரோ மாடலிங் என்பது பயிற்சியிலேயே ஒரு பகுதி. அகில இந்திய வாயு சைனிக் முகாம் என்று நடக்கிறதே, அங்கே இதற்குப் போட்டியே உண்டு. பறக்காமல் பார்வைக்கு வைக்கிற மாடல், கம்பியில் பிடித்து வட்டமாகச் சுற்றவிடுகிற மாடல், ரிமோட்டில் பறக்கிற மாடல் என்று வகை வகையாக இருக்கிறது. பையன்களோடு பெண்களும்தான் செய்கிறார்கள். 2016-ல் இந்திய விமானப்படையில் முதன்முதலாக மூன்று பெண்கள் போர் விமானிகளாகப் பதவி ஏற்றார்களே, அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங், அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு ஆசைப்பட்டுச் சேர்ந்த பெண்கள் எத்தனை பேரோ! என் மகள் அதில் ஒருத்தி. திருச்சியில் காலேஜ், என்.சி.சி. விமானப் பிரிவு. அரியலூரில் இருக்கிற நாத்தனார் மகனுக்கும் அதே பைத்தியம். லீவு விட்டால் இரண்டு பேரும் பெரம்பலூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் கடை விரித்துவிடுவார்கள். பால்சா மரத்தூளும் பசை டப்பாவும்! கூட்டிப் பெருக்குவது யார் என்று கேட்காதீர்கள்.

விமானி உட்காரும் இடத்துக்கு மேலே, கண்ணாடிக் குடுவையைக் கவிழ்த்து வைத்தது போல ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதற்குக் கேனோபி என்று பெயர். மாடலிலும் அது உண்டு. ஆனால் கண்ணாடி இல்லை, மெல்லிய பிளாஸ்டிக். பிளாஸ்டிக் தாளைச் சூடு காட்டி இளக வைத்து, அச்சின் மேல் போர்த்தி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால் தாள் அச்சோடு அப்படியே ஒட்டிக்கொண்டு வடிவம் பிடிக்கும். பிஸ்கட் டப்பாவுக்குள்ளே குழி குழியாகத் தட்டு இருக்கிறதே, அதுவும் இப்படிச் செய்ததுதான். அச்சிலிருந்து எடுத்ததும் கேனோபியைச் சுற்றி அகலமாக ஓரப்பட்டை இருக்கும், தொப்பிக்கு விளிம்பு இருப்பது போல. அந்த விளிம்போடுதான் பெட்டியில் வரும். அதை நறுக்கி, விமானத்தின் முதுகில் இடைவெளி இல்லாமல் உட்கார வைப்பது நம் வேலை.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஒரு பெட்டிக்கு ஒரு கேனோபிதான். கெட்டுப்போனால் பெரம்பலூரிலோ அரியலூரிலோ கடையில் போய் வாங்கிவிட முடியாது. பெரிய ஊருக்கு எழுதிப்போட்டு, கூரியரில் வந்து சேருவதற்குள் போட்டித் தேதி வந்துவிடும். இறக்கை கோணினால் நனைத்து நிமிர்த்தலாம், மரம் உடைந்தால் ஒட்டி உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாம். கேனோபியில் விழுந்த கீறல் மட்டும் கீறல்தான். பார்க்கிறவர் கண் முதலில் போவதும் அங்கேதான். நெற்றிப் பொட்டு கோணலாக இருந்தால் பட்டுப்புடவையை யார் பார்க்கிறார்கள்?

நாத்தனார் மகன் அவசரக்காரன். கோடு தெரிகிறது, கத்தரிக்கோல் இருக்கிறது என்று ஒரே மூச்சில் கோட்டின் மேலேயே வெட்டினான். வளைவு வந்த இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். ஓரத்திலிருந்து நடு வரைக்கும் மின்னல் மாதிரி ஒரு விரிசல். அதைப் பார்த்த என் மகள் தன்னுடையதைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டாள். நாலு நாள் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. "நீங்க வெட்டிக் குடுங்கம்மா, எனக்குக் கை நடுங்குது" என்கிறாள்.

"ஏண்டி, உன் பட்டு ரவிக்கையை நான் எப்படி வெட்டினேன்னு பக்கத்துல உக்காந்து பார்த்தியே. அதே மாதிரிதாண்டி இதுவும். நான் சொல்லச் சொல்ல நீயே வெட்டு" என்றேன். வெட்டினாள். நன்றாக வந்தது. அப்போது நாங்கள் செய்ததை, தெரிந்தவர்களிடம் அவள் கேட்டு வந்ததையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

முதலில் கேனோபியை இரண்டு சொட்டு சோப்பு விட்ட தண்ணீரில் கழுவ வேண்டும். அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வர சில சமயம் எண்ணெய்ப் பசை மாதிரி எதையாவது தடவியிருப்பார்கள். அது போகாவிட்டால் பசையும் பிடிக்காது, பெயின்டும் பிடிக்காது. துடைக்கப் பழைய பருத்தி வேட்டி. டர்க்கி டவலோ பேப்பரோ வேண்டாம், கீறும்.

அடுத்தது கோடு போடுவது. பென்சில் தெரியாது. மார்க்கர் பேனா தெரியும், ஆனால் அழிக்க ஏதாவது திரவத்தைத் தேட வேண்டிவரும், அது ஆபத்து. அதனால் வெட்ட வேண்டிய எல்லையை ஒட்டினாற்போல் உள்பக்கமாக மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிடுவது நல்லது. கோடும் தெரியும், கத்தி நழுவினால் டேப்தான் கிழியும், பிளாஸ்டிக் பிழைக்கும். கேனோபியைக் கவிழ்த்து, உள்ளே குழந்தைகள் விளையாடும் களிமண்ணை அடைத்துக்கொண்டால் நசுங்காமல் நிற்கும். சின்னக் கேனோபிக்கு இது ரொம்ப முக்கியம். முட்டை ஓட்டை வெறும் கையில் பிடித்து நறுக்குவது மாதிரிதான் அது.

இப்போது வெட்டு. முதல் வெட்டு கோட்டுக்கு அரை சென்டிமீட்டர் வெளியே. இது நம் தையலுக்கு விடும் துணி! குழந்தைக்கு நகம் வெட்டுகிற வளைந்த கத்தரிக்கோல் இருந்தால் அதுவே போதும். ஒரு சூட்சுமம் உண்டு. துணியை வெட்டுவது போலக் கத்தரிக்கோலை முனை வரைக்கும் மூடிவிடக் கூடாது. வாயின் நடுப்பகுதியாலேயே கடித்துக் கடித்துப் போக வேண்டும். முனை மூடும் இடத்தில்தான் விரிசல் பிறக்கிறது. நாத்தனார் மகனுடையது அப்படித்தான் பிறந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

பிளாஸ்டிக் கனமாக இருந்தால் கத்தரிக்கோலே வேண்டாம். கட்டர் பிளேடால் ஒரே இடத்தில் நாலைந்து தடவை லேசாகக் கீறல் போட்டு, மெதுவாக முன்னும் பின்னும் மடக்கினால் கீறலோடு கழன்று வரும். அழுத்திக் கீற வேண்டாம். அழுத்தினால் பிளேடு கோட்டை விட்டு ஓடும், விரலையும் பார்க்கும். உள்மூலை திரும்புகிற இடம் ஏதாவது இருந்தால் அங்கே முன்கூட்டியே சின்னத் துளை ஒன்று போட்டுவிட்டு, துளை வரைக்கும் வெட்டுங்கள். கூர்மூலை கிழியும், வட்டமூலை கிழியாது. ரவிக்கைக் கழுத்து வெட்டில் இருக்கிற அதே நியாயம். விரிசல் ஏற்கெனவே விழுந்துவிட்டால்கூட அதன் நுனியில் மெல்லிய துளை போட்டால் அதற்கு மேல் ஓடாது. துளை போட மோட்டார் வைத்த டிரில் வேண்டாம். மெல்லிய டிரில் ஊசியை விரலில் பிடித்துத் திருகினாலே போதும்.

அரை சென்டிமீட்டர் மிச்சத்தோடு முதுகில் வைத்துப் பாருங்கள். முன்னால் தூக்கும், பின்னால் இடிக்கும். இடிக்கிற இடத்தை மட்டும் ஒரு நூல் அளவு எடுங்கள். திரும்ப வைத்துப் பாருங்கள். என் மகள் இருபது தடவைக்குக் குறையாமல் வைத்துப் பார்த்திருப்பாள். பொறுமை போகத்தான் செய்யும். ஆனால் இருபதாவது தடவை அது தானாகவே வந்து உட்காரும் போது ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், முறுக்கு பிழியும்போது முதல் சுற்று அறுந்து போகாமல் வருகிற சந்தோஷம்!

கடைசி ஒரு மில்லிமீட்டருக்குக் கத்தியும் வேண்டாம், கத்தரிக்கோலும் வேண்டாம். விமானத்தின் முதுகில், கேனோபி உட்காரும் இடத்தில், சொரசொரப்பு மேலே இருக்கும்படி உப்புத்தாளைப் போர்த்தி டேப் போட்டுக்கொள்ளுங்கள். 240-ம் நம்பர் தாள் போதும். அதன் மேல் கேனோபியை வைத்து, முன்னும் பின்னுமாக லேசாகத் தேயுங்கள். விமானத்தின் முதுகு எப்படி வளைந்திருக்கிறதோ அதே வளைவு கேனோபியின் அடிவிளிம்புக்கும் வந்துவிடும். அம்மிக்குழவி தேயத் தேய அம்மியோடு பொருந்திப் போவது போலத்தான். இந்த யோசனையை முதலில் கண்டுபிடித்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. கடைசியில் 400-ம் நம்பர் தாளால் ஓரத்தை வழவழப்பாக்கிவிட்டால் பிசிறு இருக்காது. பிசிறு இருந்தால் அங்கிருந்துதான் நாளைக்கு விரிசல் ஓடும்.

ஒட்டுவதற்கு முன்னால் உள்ளே ஒரு பார்வை. விமானி பொம்மை கெட்டியாக ஒட்டியிருக்கிறதா? தூசி, தலைமுடி, மரத்தூள் ஏதாவது கிடக்கிறதா? மூடிய பிறகு பொம்மை கழன்று உருண்டால் எடுக்க வழியே கிடையாது. பிளாஸ்டிக்கைத் தேய்த்துத் துடைத்தால் மின்சாரம் ஏறித் தூசியை இழுக்கும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு ஆறவிடுங்கள். அடியில் எங்கேயாவது ஊசித் துளை ஒன்று இருந்தால் வெயிலில் உள்ளே சூடாகும் காற்று வெளியே போகும்.

பசை விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ஒரு நொடியில் ஒட்டும் பசை வீட்டில் எல்லோரிடமும் இருக்கிறது. அதைக் கேனோபிக்குப் போட்டால் மறுநாள் காலையில் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பனி படர்ந்திருக்கும். அந்தப் பசையின் ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து படிவதுதான் அது. (போலீஸில் கைரேகை எடுப்பதற்கு இதே ஆவியைத்தான் பயன்படுத்துகிறார்களாம்! நம் விரல் பட்ட இடத்தில் இன்னும் நன்றாகப் படியும்.) விரிசல் விட்ட கேனோபியை நாத்தனார் மகன் அதை வைத்து ஒட்டப் பார்த்தான். விரிசலோடு மூடுபனியும் சேர்ந்து, ஊட்டியில் பறக்கிற விமானம் மாதிரி ஆகிவிட்டது.

மரவேலைக்குப் போடும் வெள்ளைப் பசைதான் சரி. ஃபெவிகால் வகை. காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆவி விடாது, வழிந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். கேனோபிக்கென்றே விற்கும் பசையும் கிட்டத்தட்ட இதே ஜாதிதான், இன்னும் கொஞ்சம் பிடிப்பு அதிகம். ஆனால் வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் வெள்ளைப் பசை நிற்காது. அதனால் ஓரத்தில், உள்பக்கம், இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு உப்புத்தாளால் சொரசொரப்பாக்கிவிட வேண்டும். எவ்வளவு தூரம் என்று டேப் ஒட்டி எல்லை கட்டிக்கொண்டால் உள்ளே கீறல் போகாது. பசையைத் தீக்குச்சியால் மெல்லிய கோடாக வைத்து, கேனோபியை இறக்கி, டேப்பால் நாலு இடத்தில் இழுத்துக் கட்டிவிட்டு மறந்துவிடுங்கள். ஒரு ராத்திரி முழுக்க. தயிர் உறைய வைத்தால் தூக்கித் தூக்கிப் பார்ப்போமா? காய்ந்த பிறகு ஓரத்தின் மேல் மெல்லிய ஸ்டிக்கர் பட்டையை ஒட்டிவிட்டால் சட்டம் போட்டது போலவும் இருக்கும், சொரசொரப்பும் மறைந்துவிடும்.

ரிமோட் விமானங்களில் பாட்டரியை மாற்றுவதற்காகக் கேனோபியே கழற்றி மாட்டும் கதவாகவும் இருக்கும். முன்னால் ஒரு மூங்கில் முளை, பின்னால் மிளகு அளவில் ஒரு காந்தம். இந்தக் காந்த விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் இந்தக் காந்தத்தை எண்ணி வைத்து எண்ணி எடுங்கள். இரண்டு காந்தத்தைக் குழந்தை விழுங்கிவிட்டால் வயிற்றுக்குள் அவை ஒன்றையொன்று இழுத்து, நடுவில் மாட்டிய குடலை நசுக்கிப் பொத்தலாக்கிவிடும். ஒரு நாணயத்தை விழுங்கியது போல 'தானாக வந்துவிடும்' என்று இருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி.

கண்ணும் ஜாக்கிரதை. பிளாஸ்டிக்கை மடக்கி உடைக்கும்போது சிம்பு தெறிக்கும். சாதாரண மூக்குக் கண்ணாடியாவது போட்டுக்கொண்டு வேலை செய்யச் சொல்லுங்கள். கண் என்றதும் ஒரு கதை சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் இந்தக் கேனோபி வேலையால் கிடைத்த பெரிய லாபமே அந்தக் கதைதான்.

நிஜ விமானங்களின் கேனோபி அக்ரிலிக் என்கிற பிளாஸ்டிக்கில் ஆனது. 1930-களில் இங்கிலாந்தில் பெர்ஸ்பெக்ஸ் என்ற பெயரில் வந்தது. கண்ணாடியை விட எடை குறைவு, வளைக்கலாம். இரண்டாம் உலகப் போரில் சண்டை விமானங்களுக்கெல்லாம் அதுதான். 1940 ஆகஸ்டில் கார்டன் கிளீவர் என்ற விமானியின் கேனோபி குண்டு பட்டு நொறுங்கி, சில்லுகள் அவர் இரண்டு கண்களிலும் பாய்ந்துவிட்டன. ஒரு கண் போய்விட்டது. பல ஆபரேஷன் நடந்தது. ஹெரால்ட் ரிட்லி என்ற கண் டாக்டர் அவரையும், அவரைப் போல அடிபட்டு வந்த மற்ற விமானிகளையும் பார்த்துக்கொண்டே வந்தார். பொதுவாகக் கண்ணுக்குள் ஒரு தூசி போனாலே சிவந்து, வீங்கி, சீழ் பிடிக்கும் அல்லவா? இந்த பெர்ஸ்பெக்ஸ் சில்லுகள் மட்டும் கண்ணுக்குள்ளே சாதுவாக இருந்தன. கண் அவற்றோடு சண்டைக்கே போகவில்லை!

அந்தக் காலத்தில் கண்புரை ஆபரேஷன் என்றால் புரை விழுந்த லென்ஸை எடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக உள்ளே ஒன்றும் வைக்க மாட்டார்கள். வாழ்நாள் முழுக்க சோடாபுட்டிக் கண்ணாடி. எங்கள் பாட்டி காலத்து ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆபரேஷனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவர், எடுத்ததற்குப் பதிலாக வேறு லென்ஸ் வைக்கவில்லையே என்று ரிட்லியிடம் கேட்டாராம். கேனோபிச் சில்லு அவர் மனதில் இருந்தது. அதே ஜாதிப் பிளாஸ்டிக்கில் குட்டி லென்ஸ் செய்ய வைத்து, 1949 நவம்பர் 29-ந் தேதி லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு பெண்மணியின் கண்ணில் முதன்முதலாக வைத்தார். உடனே கைதட்டினார்களா என்றால் இல்லை. பெரிய பெரிய டாக்டர்களே பல வருஷம் அவரைத் திட்டினார்கள். பின்னால் ரிட்லிக்கே புரை விழுந்து, அதே மருத்துவமனையில், அதே மாதிரி லென்ஸ் வைத்துக்கொண்டார் என்பது வேடிக்கை. 2000-ல் 'சர்' பட்டம் கொடுத்தார்கள்.

லென்ஸ் வந்தும் நம் ஊர் ஏழைகளுக்கு எட்டாத விலையில்தான் இருந்தது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் பதினொரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயும் அந்தக் கையாலேயே ஆயிரக்கணக்கில் ஆபரேஷன் செய்த மனிதர் அவர். வெளிநாட்டு லென்ஸை வாங்கிக் கட்டுப்படியாகாது என்று 1992-ல் ஆரோலாப் என்ற பெயரில் மதுரையிலேயே லென்ஸ் செய்ய ஆரம்பித்தார்கள். விலை பல மடங்கு இறங்கியது. இப்போது மடித்து உள்ளே வைக்கிற மிருதுவான லென்ஸும் வந்துவிட்டது, அதிலும் பெரும்பாலும் அக்ரிலிக் இனம்தான்.

எங்கள் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, இரண்டு கண்ணிலும் புரை. அரிசியில் கல் தெரியவில்லை, பஸ் நம்பர் தெரியவில்லை, பேத்தி தூரத்தில் வந்தால் "யாரது?" என்பார்கள். ஆனால் ஆபரேஷன் என்றால் மட்டும் முடியவே முடியாது என்று இரண்டு வருஷமாகத் தட்டிக் கழித்தார்கள். "கண்ணுக்குள்ள பிளாஸ்டிக்கை வெப்பானுங்களாம். சீப்புக்கும் குடத்துக்கும் போடுற சாமானை என் கண்ணுல வெக்கவா?" என்பார்கள். டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை, மகன் சொல்லியும் கேட்கவில்லை.

கேனோபி ஒட்டிய மறுநாள் என் மகள் அதை அத்தை கையில் கொடுத்து, தடவிப் பார்க்கச் சொல்லி, கிளீவர் கதையைச் சொன்னாள். இது மாடலுக்கான மெல்லிய பிளாஸ்டிக், நிஜ விமானத்தில் இருப்பதும் கண்ணில் வைப்பதும் வேறு இனம், அது இதைவிட உசத்தி என்பதையும் மறைக்காமல் சொன்னாள். அத்தை விரலால் ஓரத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்கள். "அந்த வெள்ளைக்காரன் கண்ணுல எத்தனை வருசம் கெடந்துச்சு?" "வருசக் கணக்கா பாட்டி." "ஒண்ணும் பண்ணலையா?" "ஒண்ணும் பண்ணல." கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சண்டையில உடைஞ்சு குத்தினதே ஒண்ணும் பண்ணலைன்னா, டாக்டர் பதமா வெக்கிறது என்ன பண்ணிடப் போவுது" என்றார்கள். அடுத்த மாதம் ஒரு கண், அதற்கப்புறம் இன்னொரு கண். இப்போது என் சமையலில் கிடக்கும் தலைமுடியை முதலில் கண்டுபிடிப்பது அத்தைதான்!

சரி, கெட்டுப்போன கேனோபிக்கு என்ன வழி? நாத்தனார் மகன் அழாத குறையாக நின்றான். அதற்கும் வீட்டிலேயே மருந்து இருந்தது. குளிர்பான பாட்டில். அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று போட்டிருக்கும் பாட்டில்கள் பெட் என்ற பிளாஸ்டிக். ஊதி இழுத்துச் செய்ததால் சூடு பட்டால் அது சுருங்கும். கேனோபியின் வடிவத்தில் ஒரு அச்சு செய்துகொண்டு, பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டி, அச்சை உள்ளே நுழைத்து, சூடான காற்றை ஊதினால் பாட்டில் அச்சைக் கவ்விக்கொள்ளும். ஆறியதும் கோட்டுக்கு வெளியே தாராளமாக விட்டு வெட்டி எடுத்தால் புதுக் கேனோபி!

அச்சை மரத்தில் செதுக்கலாம். இல்லையென்றால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவில் வார்க்கலாம். காரை, குளக்காநத்தம் பக்கம் போனால் அந்தச் செம்மண் மேட்டில் வெள்ளை வெள்ளையாக, நார் நாராக ஒரு கல் மின்னும், பார்த்திருக்கிறீர்களா? அது ஜிப்சம். அதை வறுத்துப் பொடித்தால் கிடைப்பதுதான் இந்த மாவு. ஒரு காலத்தில் கடலாகக் கிடந்த மண் என்று வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள், நாம் ஆடு மேய்க்கிற இடம் என்று இருக்கிறோம். மாவில் வார்த்த அச்சு நன்றாகக் காய வேண்டும். வெயிலில் ஒரு வாரம். ஈரம் இருந்தால் சூடு பட்டதும் ஆவி கிளம்பிப் பிளாஸ்டிக்கில் கொப்புளம் போடும். மேலே உப்புத்தாள் போட்டு வழித்து வைப்பதிலும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். அச்சில் இருக்கும் ஒவ்வொரு கோடும் கேனோபியில் அப்படியே வரும். பையனுக்கு மூன்று பாட்டில் வீணாகி நாலாவது சரியாக வந்தது. பாட்டிலுக்குக் காசு இல்லை, குடித்துத் தீர்த்தது அவன்தான்.

சூடு காட்டும் வேலையை அடுப்படியில் செய்ய விடாதீர்கள். காஸ் அடுப்பின் நேர் நெருப்பில் பிளாஸ்டிக் சொட்டிக் கையில் ஒட்டினால் தோலோடு வரும். வெளித்திண்ணையில், காற்றோட்டத்தில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதுதான். முக்கோணத்துக்குள் 3 என்று போட்டது பி.வி.சி. அதை அளவுக்கு மீறிக் காய்ச்சினால் அமிலப் புகை வரும், மூச்சுக்குக் கெடுதல். சோறு வடிக்கிற பாத்திரத்தை இந்த வேலைக்கு எடுப்பதும் கூடாது.

செய்து முடித்த கேனோபியைத் துடைக்க நகப்பூச்சு அழிக்கிற திரவம், தின்னர், பெட்ரோல் எதுவும் ஆகாது. சில பிளாஸ்டிக் உடனே பால் மாதிரி வெளுத்துவிடும், சிலது ஒரு வாரம் கழித்து நூல் நூலாக வெடிக்கும். சோப்புத் தண்ணீர் ஒன்றே போதும். வெயிலும் இதற்குப் பகை. பெட் பிளாஸ்டிக் 70, 80 டிகிரிச் சூட்டிலேயே இளக ஆரம்பிக்கும். அவ்வளவு சூடு எங்கே என்று நினைக்க வேண்டாம். நம் ஊர் சித்திரை வெயிலில் கதவு சாத்திய காரின் பின் கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பாருங்கள், கேனோபி குழிந்து போயிருக்கும். மாடலை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் திருச்சிக்குப் போவதானாலும் ஜன்னலோரம் வேண்டாம், மடியில்தான். மேலே ஒரு வெள்ளை வேட்டித் துண்டைப் போட்டு மூடிக்கொள்ளச் சொல்லுங்கள்.